ரொட்டியில் மூன்று கடிகள்

முகர்ரம்: தொடாதீங்க! ஆணியிலேருந்து எடுக்காம பாருங்க.

எர்காஷ்: பாத்துட்டேன். ரொட்டி. மூணு வருஷமா சுவத்துல தொங்குது.

முகர்ரம்: அதுல எத்தனை கடி இருக்கு? எண்ணுங்க.

எர்காஷ்: காலங்காத்தால கணக்குப் பரீட்சையா?

முகர்ரம்: எண்ணுங்கன்னா! நம்ம பையன் தோனியோர் ரஷ்யாவுக்கு, கசானுக்கு வேலைக்குக் கிளம்பினப்போ வாசல்ல நின்னு ஒரே ஒரு கடி கடிச்சான். “மீதிய திரும்பி வந்து முடிக்கிறேன்மா”ன்னு என் கையில குடுத்தான். நான்தான் மாட்டினேன். அன்னிக்கு ஒரு கடி. இப்போ?

எர்காஷ்: ...மூணு.

முகர்ரம்: மூணு!

எர்காஷ்: எலியா இருக்கும்.

முகர்ரம்: எலி தின்னுட்டு மறுபடி ஆணியில மாட்டிட்டுப் போகுமா? அதுவும் ரொட்டியோட பூ அச்சு போட்ட முகத்தைச் சுவத்துப் பக்கமா திருப்பி... நம்ம ஊர்ல எவனாவது ரொட்டிய அப்படி வைப்பானா?

எர்காஷ்: வளர்ப்பு சரியில்லாத எலி.

முகர்ரம்: சிரிக்காதீங்க. அவனோட ரொட்டிய வேற யாரோ முடிச்சுட்டா... அப்புறம் அவன் எதைத் தேடி வருவான்?

எர்காஷ்: முகர்ரம், இங்க வா. உக்காரு.

முகர்ரம்: உக்கார நேரமில்ல. மோந்து பாருங்க. காஞ்சு கல்லா இருந்த ரொட்டி, ஓரம் மட்டும் ஈரம். டீ வாசனை. எறும்பு வேற. கல்கண்டு போட்ட டீயில முக்கித் தின்னிருக்காங்க. கதவு பூட்டியிருக்கு. வீட்ல இருக்கிறது ரெண்டே பேர். நான் தின்னல.

எர்காஷ்: அப்போ நானா?

முகர்ரம்: நீங்களா இருந்தா நல்லதுதான். எனக்கு அந்த ஆளை நெனச்சாத்தான் பயம்.

எர்காஷ்: எந்த ஆளு?

முகர்ரம்: மறந்துட்டீங்களா? நவ்ரூஸ் பண்டிகை அன்னிக்கு பெரிய பையைத் தூக்கிட்டு வாசல்ல வந்து நின்னானே! முகம் யாரோ. குரல் மட்டும் என் பிள்ளை குரல். “அம்மா”ங்கறான்! மண்வெட்டியோட தெரு முனை வரைக்கும் விரட்டினேன்ல... அவன் போகலீங்க. இந்த வீட்டுக்குள்ளதான் எங்கேயோ இருக்கான்.

எர்காஷ்: கதவு தட்டுற சத்தம். கிளினிக் தம்பியா இருக்கும்.

வந்தவன்: சலாம், டீச்சர். சர்க்கரை பாக்க வந்தேன்.

முகர்ரம்: வா தம்பி, வா. இவருக்குத்தான் தினமும் பாக்கணும். மனுஷன் எதையுமே ஞாபகம் வச்சுக்கறதில்ல. உக்காரு, டீ கிண்ணம் எடுத்துட்டு வரேன்...

வந்தவன்: நானே எடுத்துக்கறேன் டீச்சர். கண்ணாடி அலமாரி, ரெண்டாவது தட்டு.

முகர்ரம்: அட! எங்க வீட்டுக் கிண்ணம் உனக்கு எப்படித் தெரியும்?

எர்காஷ்: எல்லா வீட்லயும் அங்கதான் வைப்பாங்க! நீ சொல்லு, நேத்து தம்பிக்குப் பாடம் எடுத்தியே, சர்க்கரை எப்படி மூளைக்குப் போகுதுன்னு.

முகர்ரம்: நேத்தா? ...சரி, கேளு தம்பி. முப்பத்தோரு வருஷம் உயிரியல் எடுத்தவ சொல்றேன். ரத்தத்துல இருக்கிற சர்க்கரை தெருவுல நிக்கிற மாவு லாரி. இன்சுலின்தான் வீட்டுச் சாவி. சாவி திருகினா கதவு திறக்கும், மாவு உள்ள போகும், அடுப்பு எரியும். லாரி ஓயாம வந்துட்டே இருந்தா? சாவியத் திருகித் திருகி பூட்டு மரத்துப் போயிடும். தெரு பூரா மாவு, வீட்டுக்குள்ள பட்டினி.

வந்தவன்: மூளையிலயும் அந்தப் பூட்டு உண்டா, டீச்சர்?

முகர்ரம்: நல்ல கேள்வி! உண்டு. புதுசா நடந்ததைச் சேத்து வைக்கிற இடத்துல நிறையவே உண்டு. இன்னொண்ணு, தெருவுல கொட்டின மாவு சந்து பொந்தெல்லாம் அடைக்குது பாரு, அது மூளைக்குப் போற மெல்லிசான ரத்தக் குழாய். சர்க்கரை உள்ள எல்லாருக்கும் ஞாபகம் போயிடும்னு இல்ல. ஆனா போற வாய்ப்பு கூடுது. முதல்ல போறது எது தெரியுமா? நேத்து. சின்ன வயசுல நடந்தது அப்படியே இருக்கும், நேத்து மட்டும் இருக்காது. அதனால... அதனால...

எர்காஷ்: அதனால?

முகர்ரம்: ...கேளு தம்பி. ரத்தத்துல இருக்கிற சர்க்கரை தெருவுல நிக்கிற மாவு லாரி. இன்சுலின்தான் வீட்டுச் சாவி.

வந்தவன்: ...சரிங்க டீச்சர். விரலை நீட்டுங்க.

முகர்ரம்: எனக்கு எதுக்கு? நோயாளி அவரு.

எர்காஷ்: நீ முதல்ல குத்திக்கோ. அதைப் பாத்தாத்தான் எனக்குத் தைரியம் வரும்.

முகர்ரம்: அறுபத்தாறு வயசு! தினமும் இதே நாடகம். இந்தா தம்பி... ஸ்ஸ்... எவ்வளவு?

வந்தவன்: பதினாறு புள்ளி எட்டு. இந்தக் கருவியில ஏழைத் தாண்டக் கூடாது.

முகர்ரம்: வெறும் வயித்துலயா! ஏங்க, கேட்டீங்களா உங்க அளவ? டீயில எத்தனை கல்கண்டு போட்டுக் குடிக்கிறீங்க?

எர்காஷ்: விரலை அழுத்திப் பிடி, முகர்ரம். ரத்தம் சொட்டுது.

முகர்ரம்: யாரோட ரத்தம்?

எர்காஷ்: இந்தா பஞ்சு, வச்சுக்கோ.

முகர்ரம்: சரி, அது கிடக்கட்டும். தம்பி, நீயே சாட்சி. இவருதான் என் பிள்ளை ரொட்டியத் தின்னாரான்னு இப்பவே கண்டுபிடிக்கறேன். தந்தூர் அடுப்புலேருந்து சூடா ரொட்டி எடுத்துட்டு வரேன், ஆளுக்கொரு கடி. பல்லு பொய் சொல்லாது.

வந்தவன்: ...போயிட்டாங்க. இன்னிக்காவது சொல்லிடட்டுமா?

எர்காஷ்: வேண்டாம். நீ கிளினிக்கிலேருந்து வர்றேன்னாத்தான் கதவு திறக்குறா. அதைக் கெடுத்துக்காதே.

வந்தவன்: அஞ்சு மாசமாச்சு. எத்தனை நாளைக்கு இப்படி...

எர்காஷ்: சும்மாயிரு, வர்றா.

முகர்ரம்: இந்தாங்க, கடிங்க!

எர்காஷ்: கடிச்சு உன் கையில குடுத்தா, என்னைப் பயணம் அனுப்பிச்சுட மாட்டியே?

முகர்ரம்: கடிங்கன்னா... ம். உங்களுது இல்ல. முன்பல்லு ரெண்டும் இல்லாத வாயி, நடுவுல சுரங்கம் மாதிரி கெடக்கு. அப்போ அந்த ஆளேதான்! நான் சொன்னேன்ல!

எர்காஷ்: போதும் முகர்ரம், விட்டுடு.

முகர்ரம்: இருங்க. சோதனைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். நானும் கடிக்கறேன். தம்பி, அந்த ஆணி ரொட்டிய எடுத்து இப்படி ஒட்டிப் பிடி... ரெண்டாவது கடி... மூணாவது... இங்க பாரு, ஒரு பல்லு ஓரம் உடைஞ்ச தடம்.

வந்தவன்: ஆமா, டீச்சர்.

முகர்ரம்: ரெண்டு கடியிலயும் இருக்கு. ...எனக்கும் ஓரம் உடைஞ்ச பல்லு.

எர்காஷ்: அதனால என்ன? பசிச்சிருக்கும், தின்னிருப்பே.

முகர்ரம்: நான் தின்னல. எனக்குத் தெரியாதா? ...ஏங்க. அந்தப் பூட்டு... மரத்துப் போன பூட்டு. அது உங்க வீட்டுப் பூட்டு இல்லையா?

எர்காஷ்: நம்ம வீட்டுப் பூட்டுதான். சேந்தே பாத்துக்கலாம்.

முகர்ரம்: பதினாறு புள்ளி எட்டு யாரோடது?

எர்காஷ்: உன் விரலைப் பாரு, முகர்ரம்.

முகர்ரம்: அப்போ என் பிள்ளையோட வழிய நானே தின்னுட்டு இருக்கேன். அவன் எப்படி வருவான்? சொல்லுங்க, அவன் எப்படி வருவான்?

வந்தவன்: டீச்சர், அழாதீங்க. முதல் கடி அப்படியேதான் இருக்கு, பாருங்க.

முகர்ரம்: ...ஆமா. அது இருக்கு. நடுவுல மெல்லிசா ஒரு கோடு, சுவர் மாதிரி. அவனுக்கு முன்பல்லு நடுவுல சந்து. சின்ன வயசுல அது வழியாத்தான் விசில் அடிப்பான். ...தம்பி, நீயும் கடி.

வந்தவன்: நானா?

முகர்ரம்: வீட்ல மூணு பேர் இருக்கோம். ரெண்டு பேரைச் சோதிச்சா சோதனை பாதிதான்.

எர்காஷ்: அவனை விடு. வேற வீட்டுக்குப் போகணும் அவன்.

முகர்ரம்: ஏன் பதறுறீங்க? ஒரு கடிதானே. கடி, தம்பி.

வந்தவன்: ...இந்தாங்க.

முகர்ரம்: ரெண்டாவது இல்ல. மூணாவதும் இல்ல. முதல்... முதல் கடி... இருங்க. வெளிச்சத்துல பாக்கறேன். கோடு. அதே கோடு.

எர்காஷ்: முகர்ரம், என்னைப் பாரு.

முகர்ரம்: நீங்க சும்மா இருங்க. தம்பி, பயப்படாம சொல்லு. என் மகனோட பல்லு உன் வாய்க்குள்ள எப்படி வந்துச்சு?

வந்தவன்: நீங்க குடுத்ததுதாம்மா... நவ்ரூஸ் அன்னிக்கே திரும்பக் கொண்டாந்துட்டேன்.