அண்ணன் சொன்னபடி

எனக்குக் கூட்டங்கள் பிடிக்கும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள், பிஸ்கட் இருக்கும், வாயைத் திறந்தால் நாலு பேர் தலையாட்டுவார்கள். வீட்டில் எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை. விசாரிக்க வந்த நீங்களும் குறித்துக்கொண்டே கேட்கிறீர்கள், சந்தோஷம்.

அண்ணன் பஸ் ஓட்டியவர். மறதி நோய் வந்தபின் அவர் வீட்டில் நாங்கள் இருவர்தான். காற்று வருகிற ஒரே அறை அவருடையது. நான் கூடத்து சோபாவில் சுருண்டு கிடப்பேன். மறதி நோய்க்காரர்களுக்கு எப்படிப்பட்ட பராமரிப்பு வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்டு ஆராய ஒரு குழு அமைத்து, அண்ணனையும் உறுப்பினராக அழைத்தார்கள். துணைக்கு நான் போனேன்.

என்ன வேண்டும் என்று கேட்டார்கள். "என் ரூம்ல, என் கட்டில்ல படுக்கணும். ஜன்னல் திறந்திருக்கணும்," என்றார் அண்ணன். அப்புறம், வண்டியை எடுக்கலாமா என்றார். எனக்கு மானம் போயிற்று. அவ்வளவு பெரிய சபையில் ஜன்னலைப் பற்றியா பேசுவது?

அடுத்த கூட்டத்துக்கு அவர் செருப்பு மாட்டவே மறுத்துவிட்டார். வரமாட்டார் என்று சொல்லத்தான் தனியாகப் போனேன். எங்களுக்கு ஒரே மூக்கு, ஒரே வழுக்கை. குழுவை நடத்தும் அம்மா, வாங்க ஐயா என்று அண்ணனின் பெயர் அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டார். முகத்தில் அடித்தாற்போல மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

நன்றாகவே பேசினேன். மறதியின் வேதனையைச் சொல்லி இரண்டு பேரை அழவைத்தேன். நேர்மைக்காக, கேட்ட கேள்வியையே அவ்வப்போது திரும்பக் கேட்டேன். அண்ணன் கொஞ்சம் தேறியிருப்பதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கூட்ட நாட்களில் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவேன். பாதுகாப்பு முக்கியம் அல்லவா.

வீடா, பராமரிப்பு இல்லமா என்று ஒருநாள் கேட்டார்கள். இல்லம்தான், தம்பிக்குப் பாரமாக இருக்க விரும்பவில்லை என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பார்.

தானே வாய்விட்டுக் கேட்டவர் என்பதால் இல்லத்தில் முதல் இடம் அவருக்கே கிடைத்தது. அழைத்துப்போக அந்தக் குழு அம்மாவே வண்டியோடு வந்த அன்று மட்டும் நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு தம்பியாக இருந்தேன். அண்ணன் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அந்த அம்மா அவர் தோளைப் பரிவாகத் தொட்டார்.

"நீங்கதான் சொன்னீங்க ஐயா. மறந்துட்டீங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். "நான் அப்படிச் சொன்னேனாடா?"

"சொன்னீங்கண்ணே."

உடனே நிலையை விட்டுவிட்டார். நான் சொன்னால் நம்புவார், சின்ன வயதிலிருந்தே அப்படி. செருப்பைக்கூட அன்று தானே மாட்டிக்கொண்டார்.

அவர் பெயரில் பேசியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் முதல் நாள் கேட்டதை அந்தக் குழுவில் இன்றுவரை நினைவில் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அந்த ஜன்னலை இரவும் பகலும் திறந்தே வைத்திருக்கிறேன். நல்ல காற்று, கட்டிலில் சாய்ந்ததுமே தூக்கம் வந்துவிடுகிறது.