எந்தக் கசகசா

நான் வைக்கும் குருமாவைச் சாப்பிட்டுவிட்டு இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நர்ஸிங் கவுன்சிலிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதத்தில் குருமா என்ற பேச்சே இல்லை. 'சம்பந்தப்பட்ட உணவு' என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எந்த மொழியிலும் பதில் எழுதலாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். பதினாறு வருடமாக சிட்னியில் ஆங்கிலத்தில்தான் ரிப்போர்ட் எழுதுகிறேன், அது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் இந்தச் சமாசாரத்தைத் தமிழில்தான் எழுத முடியும். மொழிபெயர்ப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: கசகசா என்று வருகிற இடத்திலெல்லாம் கசகசா என்றே விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் மாற்றினீர்கள் என்றால் முதல் பக்கத்திலேயே கேஸ் முடிந்துவிடும். மீதியை யாரும் படிக்க மாட்டார்கள், எனக்கு வருத்தமாக இருக்கும்.

என் பெயர் ராஜகுமாரி. சொந்த ஊர் திண்டுக்கல். குவைத் வழியாக இங்கே வந்து, டூங்கபிக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பொறுப்பு நர்ஸாக இருந்தேன். கணவர் மோகனதாஸ் காலமாகி ஏழு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. பரிதாபப்பட வேண்டாம், நான் நன்றாகத்தான் இருந்தேன். டிவியைப் போட்டுவிட்டு அதோடு பேசிக்கொண்டே சாப்பிடுவேன்.

2004 நவம்பரில் யோகா வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஐசியூ நர்ஸாக இருந்தவள். ஒரு நோயாளியைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. வலிக்கு முதலில் மாத்திரை, பிறகு நோயாளிக்குப் போட்டது போக ஊசியில் மிஞ்சிய மார்பின், பிறகு மிஞ்சாததும். பிடிபட்டாள். புருஷன் கேதீஸ்வரன் மகளைக் கூட்டிக்கொண்டு மெல்பர்ன் போய்விட்டார். யோகா இரண்டு வருடம் சிகிச்சையில் இருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டு வந்தாள். நீங்கள் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தீர்கள், கூடவே ஒரு பக்கம் நிறைய நிபந்தனைகளும்.

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். போதை மருந்து அலமாரிச் சாவியைத் தொடக்கூடாது. மருந்து அறையில் தனியாக நிற்கக்கூடாது. எங்கள் இல்லத்தைத் தவிர வேறெங்கும் வேலை பார்க்கக்கூடாது. போன் வந்தால் அன்றைக்கே போய், ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்க, சிறுநீர் கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் மாதாமாதம் அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த மேற்பார்வையாளர் நான்தான்.

ஆறு மாதம் சுத்தமாக இருந்தால் நிபந்தனை நீங்கும். நீங்கினால் அவள் மெல்பர்ன் போய்விடுவாள். மகள் ஆரணி அங்கே கிளேட்டனில் படித்துக்கொண்டிருந்தாள். 'லைசென்ஸ் கிளியர் ஆனதும் வாங்கோ அம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கலாம்' என்று அவள் அனுப்பிய மெசேஜை யோகா அழிக்காமல் வைத்திருந்தாள். டீ குடிக்கும்போதெல்லாம் எடுத்து எனக்குக் காட்டுவாள்.

அந்த ஆறு மாதத்தை எப்படிச் சொல்வது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் என் காரில்தான் வேலைக்கு வருவாள், இரண்டு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டே போவோம். ஐம்பத்து மூன்று வயதில் சிக்னலில் நின்று பக்கத்துக் கார்க்காரர் பார்க்கப் பாடினேன். ஞாயிறென்றால் என் வீட்டில் சாப்பாடு. அவள் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும், என் பேச்சு அவளுக்குப் பாதி. அந்த மீதிப் பாதிக்குத்தான் அவ்வளவு சிரிப்பு. டிவியை நான் போடவே இல்லை.

யோகா சாப்பாட்டில் ரொம்பக் கவனமானவள். பாப்பி விதை சாப்பிட்டால் பரிசோதனையில் மார்பின் காட்டும் என்று நீங்கள் எச்சரித்திருந்தீர்கள் அல்லவா. பேக்கரியில் கறுப்பு விதை தூவிய பன் இருக்கும் பக்கம்கூடப் போக மாட்டாள். என் வீட்டிலும் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் வாயில் வைப்பாள்.

"ராஜியக்கா, குருமா நல்ல தடிப்பா வந்திருக்கு. என்னத்தைப் போட்டனீங்கள்?"

"கசகசா அரைச்சு ஊத்தியிருக்கேன்."

"கசகசாவோ? குளிர்ச்சியான சாமானெல்லோ."

"ஆமா, உடம்புக்கு ரொம்பக் குளிர்ச்சி. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. சமையலறையில் இருக்கும்போது நான் நர்ஸ் இல்லை. கசகசா கசகசாதான், அம்மா போட்டாள், நானும் போடுகிறேன். மறுநாள் அவளுக்குப் போன் வந்தது. பத்து நாளில் முடிவு வந்தது. மார்பின் இருக்கிறது. என் கசகசாதான் நீங்கள் சொன்ன பாப்பி விதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உங்கள் விசாரணையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாப்பி விதை ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். "நோ, நெவர்" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன், அதில் துளி பொய் இல்லை. ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று குழம்பிப்போனேன். ஆறு மாத நிபந்தனை மேலும் ஆறு மாதம் ஆனது.

அன்று மாலை என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுது முடிக்கட்டும், கசகசாவைப் பற்றிக் கேட்போம் என்றிருந்தேன். முடித்தாள், முகம் கழுவினாள், ஃபிரிட்ஜைத் திறந்தாள். பால், ஐஸ்கிரீம், ரோஸ் சிரப் எல்லாம் எடுத்து, தன் பையிலிருந்து கறுப்பு விதைகளையும் எடுத்து ஊறவைத்து, எனக்கும் சேர்த்துப் பலூடா கலந்தாள். மனம் சரியில்லாதபோது அவளுக்கு அது வேண்டும்.

"இது என்ன விதை?" என்றேன்.

"கசகசா அக்கா. நீங்களும் குருமாவுக்குப் போடுறனீங்கள்தானே."

எங்கள் ஊரில் அதைச் சப்ஜா விதை என்போம், துளசி ஜாதி. அவர்கள் ஊரில் அதுதான் கசகசாவாம். ஒரே சொல், இரண்டு விதை. அங்கேயே உடைத்துச் சொல்லியிருந்தால் ஒரு போன் காலில் எல்லாம் சரியாகியிருக்கும். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவள், "இன்னும் ஆறு மாசம் உங்களோடதான் அக்கா, நல்ல காலம் நீங்கள் இருக்கிறியள்" என்றாள். நான் பலூடாவைக் குடித்தேன். அப்படியொரு ருசியை நான் அறிந்ததில்லை.

இரண்டாவது தடவையைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அது தெரிந்தே செய்தது. நிபந்தனை நீக்கும் கூட்டத்துக்கு முந்தின வாரம் கட்டாயம் ஒரு பரிசோதனை இருக்கும், போன் வந்தால் அவளுக்கு ஷிப்ட் மாற்றித் தருபவள் நான். அதனால் அந்த வாரம் தினமும் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். குருமாவோடு கசகசாப் பாயசமும் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் என்ன போட்டீர்கள் என்று கேட்டாள், ஒவ்வொரு தடவையும் கசகசா என்றுதான் சொன்னேன். நான் யோகாவிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறை அவள் அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, நான் என்னை அறியாமல் எடுக்கிறனோ? எடுத்திட்டு மறந்து போறனோ?"

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. "இருக்கலாம்மா" என்றேன். "என் வீட்டுக்கே வந்துடு, கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேன்." அடுத்த வாரமே இரண்டு சூட்கேஸோடு வந்துவிட்டாள். அவள் தன் பையை என்னிடம் சோதிக்கச் சொல்வாள், நான் சோதிப்பேன், பிறகு இரண்டு பேரும் சாப்பிடுவோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மூன்றாவது தடவை போன மே மாதம். ஒப்புக்கொண்டால் கருணை காட்டுவார்கள் என்று நான்தான் சொன்னேன். 'மருந்து எடுத்தேன், எப்போது என்று நினைவில்லை' என்று அவள் எழுதிக் கொடுத்தாள் இல்லையா, அந்தக் கடிதத்தின் ஆங்கிலம் என்னுடையது. அந்தக் கடிதத்தைப் பற்றி ஆரணிக்கும் தெரிந்தது. அதன்பிறகு மெசேஜ் வருவது நின்றுவிட்டது.

ஜூனில் என் பிறந்தநாள். யோகா பலூடா செய்யக் கடைக்குப் போனாள். எப்போதும் போகும் கடை பூட்டியிருந்ததால் சிவபாலன் கடைக்குப் போயிருக்கிறாள். அவர் கடைக்கு இரண்டு நாட்டு ஆட்களும் வருவார்கள். கசகசா என்று கேட்டதும் அவர், "எந்தக் கசகசா அக்கா? இந்தியன் ஆக்கள் குருமாவுக்குப் போடுறதோ, பலூடாவுக்குப் போடுறதோ?" என்று இரண்டு பாக்கெட்டையும் மேசையில் வைத்திருக்கிறார். குருமாவுக்குப் போடும் வெள்ளை விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் ஆங்கிலத்திலும் பெயர் போட்டிருக்கும்.

மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தாள். பாக்கெட்டை என் முன்னால் நீட்டினாள்.

"ராஜியக்கா, இதுவோ உங்கட கசகசா?"

"ஆமா."

"அப்ப நான் எடுக்கேல்லை. நான் எடுக்கவே இல்லை அக்கா."

என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சிரித்தாள், அப்படிச் சிரித்தாள், சமையலறையைச் சுற்றி என்னையும் இழுத்துக்கொண்டு ஆடினாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் நீர் வர இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பூரிப்பாக இருக்கிறது. அவள் தன்னைத் திரும்பக் கண்டுபிடித்ததை அவளுக்கு அடுத்தபடியாகப் பார்த்தவள் நான்.

பிறகுதான் அவள் சிரிப்பு மெல்ல நின்றது. என் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"முதல் தடவை தெரியாது" என்றேன். அவள் கேட்டு நான் எதையும் மறைத்ததில்லை.

அவள் தன் அறைக்குப் போனாள். சூட்கேஸை எடுத்து வைத்தாள். போகும்போது, போய்விட்டு வருகிறேன் என்பதற்கு அவர்கள் வழக்கமாகச் சொல்கிற 'போட்டு வாறன்' என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்திருப்பாள்.

அவள் உங்களிடம் வந்ததும், நீங்கள் அவள் பெயரில் இருந்த களங்கத்தை நீக்கியதும், அவள் மெல்பர்னில் ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் கேள்விப்பட்டேன். மகளோடு இருக்கிறாளாம். மனசார மகிழ்கிறேன். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், செய்தேன். ஒரு தடவை தெரியாமல், இரண்டு தடவை தெரிந்து. அவள் தன் புத்தியையே சந்தேகப்பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், கூடவே சோறும் போட்டேன். எதையும் மறுக்கவில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்ததிலிருந்துதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் லைசென்ஸைப் பறிக்காமல் விட்டால் அதற்கும் நிபந்தனைகள் போடுவீர்களாம், என்னைக் கவனிக்க ஒரு மேற்பார்வையாளரை நியமிப்பீர்களாம், அவர் மாதாமாதம் என்னைப் பற்றி எழுத வேண்டுமாம். எல்லா நிபந்தனைக்கும் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். மெல்பர்ன் வரவும் தயார். கிளேட்டனில் இரண்டு அறை உள்ள வீடு ஒன்று பார்த்து வைத்துவிட்டேன், வெளிச்சமான வீடு. மேற்பார்வையாளராக யோகாவைப் போடுங்கள். என்னை அவளைவிட நன்றாக அறிந்தவர் இந்த நாட்டில் யாரும் இல்லை. அவளிடம் இன்னும் பேசவில்லை, போனை எடுக்க மாட்டேன் என்கிறாள், புது வேலை, நேரம் இருக்காது. நீங்கள் கேட்டால் ஓம் என்றுதான் சொல்வாள்.