29.08.2024 மாலை 6.40 மணிக் குரல் பதிவு குறித்து

பெயர் சென்னிமலை. தகப்பனார் பெயர் ஆண்டி, காலமாகிவிட்டார். வயது ஐம்பத்திரண்டு, மேடையில் நாற்பத்தெட்டு என்று சொல்வேன், அதை எழுத வேண்டாம். தொழில், பந்தல், மைக் செட், பிரீசர் பெட்டி வாடகைக்கு விடுவது. அத்துடன் கல்யாணம், கோவில் விழாக்களில் பலகுரல் நிகழ்ச்சி நடத்துவது. இருப்பிடம் நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம், அணைக்குப் போகும் சாலை. இன்று 24.09.2024 காலை பதினொரு மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் திருமதி சரிதா அவர்கள் முன்பு, மனு கொடுத்த சுகன்யாவும் எதிரில் இருக்க, சொல்லி எழுதிக்கொள்ளப்பட்டது.

சுகன்யா, வயது முப்பத்து நான்கு, என் அக்கா நல்லம்மாளின் மகள். நான் அவளுக்குத் தாய்மாமன். அவள் கணவர் குருமூர்த்தி, வயது நாற்பத்தொன்று, தான்சானியா நாட்டில் போர்வெல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது 29.08.2024 அன்று நெஞ்சுவலியில் இறந்துபோனார். அந்த வேலைக்கு ஆள் பிடித்து அவரை அனுப்பி வைத்தது நான். சுகன்யா மனுவில் என்னைத் தண்டிக்கச் சொல்லவில்லை. அவள் போனில் அதே தேதி மாலை 6.40 மணிக்கு வந்த குரல் பதிவு ஒன்று இருக்கிறது. அதில் பேசியது அவள் கணவரா, நானா என்பதை எழுத்தில் வாங்கித் தரவேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறாள். வீட்டில் கேட்டால் மாமா எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லுவார், கையெழுத்துப் போடச் சொன்னால்தான் பயப்படுவார் என்று அவள் சொன்னதாக உதவி ஆய்வாளர் தெரிவித்தார். அது சரிதான்.

சுகன்யாவின் தம்பி சிவபிரகாஷுக்குத் தகப்பனார் இல்லாததால் கல்யாணப் பொறுப்பு என்னுடையது. எங்கள் பக்கத்தில் இப்போது பெண் கிடைப்பது எப்படி என்று உதவி ஆய்வாளருக்கே தெரியும். ஆறு வருடம் அலைந்தோம். பையனுக்கு முன்வழுக்கை விழுந்துவிட்டதால், ஜாதகத்தோடு அனுப்ப மூன்று வருடத்துக்கு முந்தைய போட்டோவைத்தான் வைத்திருந்தேன். கடைசியில் ஒரு பெண் அமைந்து 08.09.2024 காலை முகூர்த்தம் என்று முடிவானது. முதல் நாள் சாயங்காலம் இணைச்சீர். அதில் மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் நின்று கூறைப்புடவையின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். தாலியோடு இருக்கிறவள்தான் நிற்கலாம். இந்தச் சீர் இல்லாமல் எங்களில் கல்யாணம் இல்லை.

29ஆம் தேதி நானும் அக்காவும் சுகன்யாவும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகையும் துணியும் எடுக்கப் போயிருந்தோம். மாலை நான்கு மணி சுமாருக்குத் துணிக்கடையில் இருக்கும்போது குருமூர்த்தியோடு வேலை செய்யும் மதன் என்பவர் எனக்குப் போன் செய்தார். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் என்று குருமூர்த்தி என் எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாராம். கம்ப்ரஸர் பக்கத்தில் சோறு தின்ன உட்கார்ந்தவர் எழவில்லை, ஒரு மணி நேரமாகிறது என்றார். நான் சந்துக்குள் போய் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். சுகன்யா யார் போனில் என்று கேட்டாள். விருந்துக்குக் கிடாய் சொல்லியிருந்த மேச்சேரி ஆட்டு வியாபாரி என்றேன். இது என் முதல் பொய். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது.

அதன் பிறகு சுகன்யா கணவரின் சட்டை அளவு கேட்பதற்காக அவருக்குப் போன் போட ஆரம்பித்தாள். எடுக்கவில்லை. ஆறு தடவைக்கு மேல் போட்டுவிட்டு அவள் முகம் மாறியது. நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து மதனைக் கூப்பிட்டு, கல்யாணம் முடிகிற வரைக்கும் யாருக்கும் சொல்லவேண்டாம் என்றும், குருமூர்த்தியின் போனைத் திறக்கத் தெரியுமா என்றும் கேட்டேன். தெரியும் என்றார். குருமூர்த்தியின் குரல் எனக்குப் பத்து வருடமாகப் பழக்கம். அவர் எதிரிலேயே பல விசேஷங்களில் பேசிக் காட்டி அவரையே சிரிக்க வைத்திருக்கிறேன். சரக்கு இறக்க நின்ற ஒரு லாரிக்காரரிடம் இரண்டு நிமிடம் இன்ஜினை ஓடவிடச் சொல்லி, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று பதிவு செய்து மதனுக்கு அனுப்பினேன். அவர் அதைத் தன் போனில் ஓடவிட்டு குருமூர்த்தியின் போனில் பிடித்து சுகன்யாவுக்கு அனுப்பினார்.

டவர் சரியில்லை, ஒரு வாரத்துக்குப் போன் எடுக்க முடியாது, சட்டை நாற்பத்திரண்டு எடு. இவ்வளவு போதும். ஆனால் லாரி இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கையில் மைக்கைக் கொடுத்தால் கீழே வைக்காத ஜாதி நான். அதனால் கூடவே ஒன்று சேர்த்தேன்: "நீ மஞ்சச் சேல எடு சாமி. எத்தன கூட்டத்துல நின்னாலும் எனக்கு நீ மொதல்ல தெரியோணும்."

நான் திரும்பி வந்தபோது சுகன்யா அதை மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரரும் கேட்டார். அக்காவின் காதில் வைத்தும் கேட்க வைத்தாள். பிறகு என்னிடம், "பத்து வருசத்துல இந்த மனுசன் என்னச் சாமின்னு ஒருவாட்டி கூப்புட்டதில்லீங்க மாமா" என்றாள். சாமி என்பது எங்கள் பக்கத்தில் பிரியமாகக் கூப்பிடுகிற வார்த்தை. எடுத்து வைத்திருந்த பச்சைச் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மஞ்சள் எடுத்தாள். அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வரிக்கு அடிக்கோடு போடச் சொன்னேன். வாக்குமூலத்தில் அடிக்கோடு போடும் பழக்கம் இல்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார்.

அதன் பிறகு 07.09.2024 வரை இதே முறையில் இன்னும் ஐந்து பதிவுகள் அனுப்பினேன். நான்காவது பதிவில், முகூர்த்தத்துக்கு வர விமானம் கிடைக்கவில்லை, எட்டாம் தேதி மத்தியானம் ஊட்டுக்கு வாரேன் என்று சொன்னேன். உடல் அந்த நேரத்துக்கு வந்து சேரும் என்று தெரிந்ததால் அப்படிச் சொன்னேன். அது பாதிப் பொய்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உடலை அனுப்ப மனைவியின் ஒப்புதல் கடிதம் வேண்டும் என்று அங்கிருந்து கேட்டார்கள். ஆங்கிலத்தில் டைப் அடித்து வாங்கிவந்து, தம்பி கல்யாணத்தைப் பதிவு செய்வதற்கான சாட்சிப் பேப்பர் என்று சொல்லி 31ஆம் தேதி சுகன்யாவிடம் கையெழுத்து வாங்கினேன். அவள் மருதாணி காயாமல் இருந்ததால் நான் பேப்பரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஓரத்தில் சிவப்பாக ஒரு பெருவிரல் ரேகை விழுந்தது. அதையே அனுப்பினேன்.

07.09.2024 காலை, மண்டபத்துக்குப் பெரிய திரை வாடகைக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பெங்களூர் விமான நிலையம் போனேன். இறப்புச் சான்று, உடல் பதப்படுத்திய சான்று, தூதரகக் கடிதம், ரத்து செய்த பாஸ்போர்ட் எல்லாவற்றையும் காட்டி, சரக்குப் பிரிவில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆம்புலன்சில் மாலை ஐந்தரைக்கு ஜேடர்பாளையம் வந்தேன். என் நாற்காலிகள் அத்தனையும் மண்டபத்துக்குப் போய்விட்டதால் குடோன் காலியாக இருந்தது. வண்டியை உள்ளே விட்டு ஷட்டரை இழுத்துவிட்டேன். ஓட்டுநர் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றார். அவரை மண்டபத்துக்குக் கூட்டிப்போய்ப் பந்தியில் உட்காரவைத்தேன். அவர் யார் என்று தெரியாமல், கூச்சப்படாமல் சாப்பிடுங்கள் அண்ணா என்று இரண்டாவது தடவையும் பாயசம் ஊற்றியது சுகன்யா. அவள்தான் இறந்தவரின் மனைவி என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் இலையை மூடாமலே எழுந்து போய்விட்டார். நான் சாப்பிட்டேன். அதன் பிறகு இணைச்சீர் நடந்தது. சுகன்யா மஞ்சள் சேலையில் தம்பி பக்கத்தில் நின்று கூறைப்புடவையைப் பிடித்தாள். கூட்டத்தில் முதலில் அவள்தான் தெரிந்தாள்.

மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. பெண் வீட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. சுகன்யா பத்து மணிக்கே மண்டபத்திலிருந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டரை மணிக்கு நான் ஆம்புலன்சில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து அங்கே போனேன். வாசலில் கோலம் போட்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டு ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தாள். மேலே விளக்கு வைத்த வெள்ளை வண்டி என்பதை அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. வாடகை வேன் என்று நினைத்திருக்கலாம். முன்சீட்டில் என்னைப் பார்த்துவிட்டு, "அவரெங்கீங்க மாமா, பின்னாடி உக்காந்திருக்காரா?" என்று கேட்டாள்.

நான், "ஆமா சாமி" என்றேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்பக்கம் போனாள். நான் இறங்கவில்லை. ஓட்டுநர்தான் இறங்கிப் போனார். தட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் இறங்கினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வெளியூரில் இறந்த உடலை வீட்டுக்குள் கொண்டுபோகும் வழக்கம் இல்லாததால் வாசலில் என் பந்தலையே போட்டு, மாலை ஐந்து மணிக்குக் காவிரிக் கரையில் எரித்தோம். கல்யாணத்துக்குக் கட்டிய ஜரிகைத் துணியை உருவிவிட்டுத்தான் போட்டேன். ஒரு ஓரத்தில் விட்டுப்போயிருந்தது.

மூன்றாம் நாள் சுகன்யா என்னிடம் வந்து, அவர் இறந்த பிறகு வந்ததெல்லாம் மாமா பேசியது என்று மதன் சொல்லிவிட்டார், பரவாயில்லை, ஆனால் 29ஆம் தேதிப் பதிவு அவர் சாகிறதுக்கு முன்னால் அனுப்பியதுதானே என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அது அவர் பேசியது, அவராகத்தான் மஞ்சள் எடுக்கச் சொன்னார் என்றும் சொன்னேன். அவள் மேல் வைத்த இரக்கத்தால் சொன்னேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே உட்கார்ந்து சொல்லும்போது, பயத்தால் சொன்னேன் என்று தெரிகிறது. அதன் பிறகு இறப்புச் சான்றில் பகல் பன்னிரண்டரை என்று போட்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஊர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். நம் நேரத்துக்கு அது மாலை மூன்று. பதிவு வந்தது 6.40.

29.08.2024 மாலை 6.40 மணிக்கு வந்த பதிவில் பேசியது நான். சட்டை அளவு, மஞ்சள் சேலை, சாமி என்று கூப்பிட்டது, எல்லாம் நான். குருமூர்த்தி அதில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவர் கடைசியாகப் பேசியது எது என்று உதவி ஆய்வாளர் கேட்டார். 28ஆம் தேதி இரவு சுகன்யா போனுக்கு வந்த பதிவு என்றேன். அதைப் போட்டுக் கேட்டார்கள். கிணற்று மோட்டார் காயிலைப் பழைய ஆளிடம் கட்டக் கொடுக்காதே, அவன் பாதிச் செம்புக் கம்பியை உருவிக்கொள்வான் என்பதுதான் அதில் இருந்தது. சுகன்யா அதைக் கேட்டுவிட்டு, இது அவர்தான் என்றாள். அழவில்லை.

அதன் பிறகு அவள் என்னைப் பார்த்து, "வாரேன்னு அவரு குரல்லதான சொன்னீங்க மாமா? இனி வரமாட்டேன்னும் அந்தக் குரல்லயே சொல்லீருங்க" என்றாள். உதவி ஆய்வாளர் அதற்கு அவசியமில்லை என்றார். சுகன்யா எழவில்லை. நான் தண்ணீர் குடித்துவிட்டு, குருமூர்த்தியின் குரலில், "சுகன்யா, நான் வரமாட்டேன்" என்று சொன்னேன். நானாக எதுவும் சேர்க்கவில்லை.

அவள், "செரிங்க" என்றாள்.

மேலே உள்ளதை உதவி ஆய்வாளர் முழுவதும் படித்துக் காட்டினார். அத்தனையும் நடந்தது நடந்தபடி என் சொந்தக் குரலில் நான் சொன்னது. கடைசி இரண்டு பத்திகளையும் விடாமல் சேர்க்கச் சொல்லி நானே கேட்டுக்கொண்டு, சுகன்யா பார்க்கக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஆ. சென்னிமலை
24.09.2024