பதினாறு பேர் வீடு

— பதினாறுன்னு எழுதிக்கோங்க டீச்சர். எழுதிட்டு கையெழுத்து போட்டா வேலை முடிஞ்சுது. நாலாவது தடவை சொல்றேன்.

— நானும் நாலாவது தடவை கேக்கறேன் சார். வாசல்ல செருப்பு மட்டும் நாப்பது ஜோடி கிடக்கு. பதினாறு பேருக்கு எத்தனை கால்?

— பொம்பளப் பிள்ளைங்க. ஆளுக்கு மூணு செருப்பு வச்சிருப்பாங்க. விஷயம் என்னன்னா, இந்த ஹாஸ்டலுக்கு நான்தான் மேனேஜர். உள்ள எத்தனை பேர்னு என்னைவிட உங்களுக்குத் தெரிஞ்சிருமா?

— தெரியாது. அதனாலதான் அனுப்பியிருக்காங்க. மூணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருந்தவளைக் கூப்பிட்டு, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கற ஜனத்தொகைக் கணக்கும்மா, இந்தத் தெருவுல ஒரு தலை விடாம எண்ணிட்டு வாங்கன்னாங்க. இன்னிக்கு பாக்டரி லீவு, எல்லாரும் இருப்பாங்கன்னுதான் வந்தேன்.

— வெயில்ல அலைஞ்சிருக்கீங்க. உக்காருங்க. டீ சொல்லட்டா?

— வேணாம். பின்பக்கம் குழாயடியில வாளி எண்ணிப் பாத்தேன். முப்பத்தெட்டு. வாளியும் ஆளுக்கு மூணா?

— டீச்சர், கொஞ்சம் மெதுவா. கதவு திறந்திருக்கு.

— நீங்க உண்மையச் சொன்னா நான் மெதுவாப் பேசறேன்.

— சரி, சொல்றேன். விஷயம் என்னன்னா, இந்தக் கட்டடத்துக்கு பதினாறு கட்டிலுக்குத்தான் அனுமதி. நீங்க இருக்கறதை எழுதினா, ரெண்டே நாள்ல நகராட்சி ஆளுங்க வந்து கதவுல நோட்டீஸ் ஒட்டுவாங்க. அன்னிக்கு சாயங்காலம் மிச்சப் பிள்ளைங்க பையைத் தூக்கிட்டு ரோட்டுல நிக்கும். உங்க வீட்டுல எத்தனை பேரைப் படுக்க வைப்பீங்க?

— இந்தக் கணக்கு நகராட்சி கைக்குப் போகாது சார். யார் பேரையும் யாருக்கும் காட்டக்கூடாது. காட்டினா நான்தான் உள்ள போகணும். சட்டம்.

— சட்டம்லாம் படிக்க நல்லாத்தான் இருக்கும். உங்க சூப்பர்வைசர் போன் பண்ணாரா இல்லையா?

— பண்ணார். மேனேஜர் சொல்றதை எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போம்மான்னார்.

— அப்புறம் என்ன? பெரியவரே சொல்லிட்டாரு.

— கீழே விழப்போற கையெழுத்து அவரோடது இல்ல, என்னோடது. சார், போன தடவை எண்ணினப்ப இந்தத் தெருவுல மொத்தம் ஒன்பது பேர். சுத்தியும் பொட்டல் காடு. இன்னிக்கு மூணு பாக்டரி. கப்பல் கப்பலா சட்டை போகுது. நாடு எப்படி வளருதுன்னு டிவியில பச்சை அம்பு போட்டுக் காட்டறாங்க. அந்த வளர்ச்சியத் தைக்கறவங்க எங்க இருக்காங்கன்னு கேட்டா, பதினாறுங்கறீங்க. தண்ணியும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் அந்தப் பழைய ஒன்பது பேருக்குத்தான் இன்னும் வருது.

— மேனேஜர் சார்! மேல தண்ணி நின்னுடுச்சு. ஒரு பொண்ணு தலை எல்லாம் சோப்பு, கண் திறக்க முடியல. ரொம்ப திட்டுது.

— வந்துட்டியா? ஆள் வந்திருக்கறப்பதான் வருவ. போ, மோட்டார் போடச் சொல்றேன்.

— நில்லும்மா. உள்ள வா. உன் பேர் என்ன?

— பொத்தான்.

— பொத்தானா?

— எட்டு வருஷமா சட்டைக்குப் பொத்தான் வைக்கறேன் அக்கா. எங்க ஊர் பேரு இங்க யார் வாயிலயும் வரல. அதனால இது. நீங்க யாரு?

— நாட்டுல எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ண வந்திருக்கேன். உங்க ஹாஸ்டல்ல எத்தனை பேர்?

— பொத்தான், பாத்துப் பேசு.

— சார் எத்தனை சொன்னாரு?

— பதினாறு.

— பதினாறு என் ரூம்லயே இருக்கே அக்கா. இன்னும் ரெண்டு ரூம் இருக்கு. மொத்தம் நாப்பத்தொண்ணு.

— போச்சு. என் வேலையும் போச்சு, உங்க கூரையும் போச்சு. சந்தோஷமா?

— ஏன் சார் கத்தறீங்க? அக்கா, எழுதினா எங்களுக்கு என்ன ஆகும்?

— நல்லது நடக்கலாம். இந்தத் தெருவுல இத்தனை பேர் இருக்காங்கன்னு தெரிஞ்சாதான் பெரிய தண்ணிக் குழாய் கேக்க முடியும், பஸ் கேக்க முடியும். ஆனா நாளைக்கே வராது. அதையும் சொல்லிடறேன்.

— எழுதினா ரோட்டுக்கு வருவீங்க. அதை மட்டும் டீச்சர் சொல்ல மாட்டாங்க.

— எழுதறதுன்னா, வெறும் நம்பரா? பேரும் வேணுமா?

— பேர், வயசு, சொந்த ஊர், பேசற பாஷை, கல்யாணம் ஆச்சா இல்லையா.

— சொந்த ஊருமா?

— ஆமா.

— அதை யாரு பாப்பாங்க?

— யாரும் பாக்கக்கூடாது.

— பாக்கக்கூடாதா, பாக்க மாட்டாங்களா? ரெண்டும் வேறதானே அக்கா?

— வேறதான். பாக்க மாட்டாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.

— கேட்டுக்கிட்டியா பொத்தான்? டீச்சர் வாயாலயே வந்துடுச்சு.

— கேட்டேன் சார். ஆனா நான் ஒருத்தி சொல்ல முடியாது. மேல நாப்பது பேர் இருக்கு. அவங்களைக் கேக்கணும்.

— அஞ்சு பாஷை பேசற கூட்டம். ஒருத்தி தண்ணின்னா இன்னொருத்தி தட்டை நீட்டுவா. அதுங்ககிட்ட என்னத்தக் கேப்ப?

— எனக்கு அஞ்சும் கொஞ்சம் கொஞ்சம் வரும். சண்டைக்குத்தான் கத்துக்கிட்டேன். கேக்கறதுக்கும் ஆகும்.

— கேட்டுட்டு வாம்மா. அவங்க வாய் திறந்து சொல்லாம நான் எதையும் எழுத முடியாது. இஷ்டம் இல்லன்னா, சார் சொன்ன பதினாறைத்தான் எழுதிட்டுப் போகணும். வேற வழியில்ல.

— ஒரு நிமிஷம் பொத்தான். டீச்சர், நீங்க கேட்டாலும் பரவாயில்ல. இவளுக்கு நான் கெட்டது சொல்லப் போறதில்ல. இங்க பாரு, பாக்டரியில லைன் சூப்பர்வைசர் இடம் காலியா இருக்கு. உன் பேரைத்தான் சொல்லி வச்சிருக்கேன். மேல போ, கொஞ்ச நேரம் பேசிட்டு இரு. கீழ வந்து வேணாம்னு சொன்னாங்கன்னு சொல்லு. உன்னை யார் கேள்வி கேக்கப் போறா?

— சார், இது சரியில்ல. அவங்களை மிரட்டறீங்க.

— மிரட்டலா? அக்கறை டீச்சர். எதுக்குச் சொல்றேன்னு அவளுக்குத் தெரியும். தெரியும்ல பொத்தான்?

— தெரியும் சார். போயிட்டு வரேன்.

— என்ன தெரியும்? என்ன சார் அது?

— அவ படியேறட்டும், சொல்றேன்... அந்தப் பொண்ணோட இடது மணிக்கட்டைப் பாத்தீங்களா?

— கொஞ்சம் வளைஞ்சிருந்துச்சு. மெஷின்ல அடிபட்டதுன்னு நினைச்சேன்.

— புருஷன் ஒடிச்சது. ரெண்டு நாள் ரயிலு, அப்புறம் பஸ்ஸு, உடுத்தின துணியோட இங்க வந்து இறங்கினா. போன வருஷம் அவனே தேடி வந்து, கேட்டுல நின்னு போட்டோ காட்டினான். இப்படி ஒருத்தி இங்க இருக்காளான்னான். நான்தான் ரிஜிஸ்டரை எடுத்து அவன் முன்னாடி விரிச்சேன். பாத்துக்கோப்பா, பதினாறு பேர்தான், நீ சொல்ற ஆளே இல்லன்னேன். நம்பிப் போயிட்டான்.

— சார்...

— விஷயம் என்னன்னா, எண்ணிக்கையில இல்லாததும் ஒரு பாதுகாப்புதான். நாடு பெருசு டீச்சர். ஒளிஞ்சுக்கறதுக்கும் பெருசா இருக்கணும்ல? அவன் தம்பி ஏதோ கவர்மென்ட் ஆபீஸ்லதான் இருக்கானாம்.

— இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே.

— முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட ஒரு பொண்ணோட கதையை எப்படிச் சொல்றது? சும்மா பதினாறுன்னு எழுதிட்டுப் போயிருந்தீங்கன்னா இவ்வளவு பேச்சே வந்திருக்காது.

— மிச்சம் நாப்பது பேருக்கும் அதே பதில்தானா? நாளைக்கு இந்தக் கட்டடத்துல ஒரு தீ பிடிச்சா, பதினாறு பேரைத் தேடிட்டு நிறுத்திடுவாங்க சார். மிச்சம் இருக்கறவங்களை யார் தேடுவா?

— வாயைக் கழுவுங்க டீச்சர்!

— கோபம் வருதுல்ல? எனக்கும் அப்படித்தான் வருது. மேல என்ன இவ்வளவு சத்தம்? அடிச்சுக்கறாங்களா?

— அதுங்க பேசினாலே அப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க. இப்ப வந்து வேணாம்னுதான் சொல்லப்போறா. நீங்களே அவ இடத்துல இருந்தா என்ன சொல்வீங்க?

— வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். யாரையும் கேக்காமலே கீழ வந்து பொய் சொல்லியிருப்பேன்.

— அவ்வளவுதான். பேனாவை மூடிக்கோங்க. சத்தம் நின்னுடுச்சு பாருங்க. இறங்கி வர்றா.

— சொல்லும்மா பொத்தான். என்ன சொன்னாங்க?

— முதல்ல நகராட்சி பயத்தைச் சொன்னேன் அக்கா. அப்புறம் தண்ணி, பஸ். ரெண்டையும் அஞ்சு பாஷையில சொன்னேன். ரெண்டு பேர் அழுதாங்க. ஒருத்தி என்னை அடிக்க வந்தா. அப்புறம் கை தூக்கச் சொன்னேன்.

— சரி, விஷயத்துக்கு வா. வேணாம்னுட்டாங்க. அப்படித்தானே?

— இல்ல சார். நாப்பது கை தூக்குச்சு. எழுதச் சொல்றாங்க.

— பொத்தான்! உனக்குப் புத்தி இருக்கா?

— நாப்பதா? நாப்பத்தொண்ணு பேர்னு சொன்ன?

— ஒருத்தி தூக்கல அக்கா. அவளுக்கு ரொம்ப பயம்.

— அப்ப அவளை விட்டுடறேன். நாப்பதுன்னே எழுதிக்கறேன். யாருக்கும் தெரியப் போறதில்ல.

— விட்டா நீங்களும் சார் மாதிரிதானே எண்ணறீங்க? நாப்பது பேர் ஒண்ணு சொன்னா, மிச்சம் இருக்கற ஒருத்தி தோத்துட்டான்னுதானே அர்த்தம்? எழுதுங்க அக்கா. அவளை வச்சே ஆரம்பிங்க. பொத்தான்னு வேணாம், என் நிஜப் பேரைச் சொல்றேன்.