பதினான்காம் பத்தி

உங்கள் அலுவலகத்தில் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது, மேடம். அரசு அலுவலகங்களில் இது அபூர்வம். வெளியே பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் பேசவில்லை. நன்றாக இருந்தது.

சேரன் சிறைக்குப் போய் இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. சுரங்கப்பாதை மோட்டார் ரூமில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவன். உங்கள் விசாரணையின் முடிவு என்று நேற்றைய நாளிதழில் ஒரு வாக்கியம் படித்தேன். "உயிரிழப்புக்கு இயக்குபவரின் கவனக்குறைவே காரணம், கட்டுமானத்தில் குறை இல்லை." அறிக்கை திங்கட்கிழமை மேலே போகிறதாம். போய்விட்டால் சேரன் வெளியே வருவது கஷ்டம். அந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தலாம் என்றுதான் வந்தேன்.

திருத்துவது என் தொழில். சிதம்பரத்தில் ஒரு அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்தினேன். தினமும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ரயிலில் போய் வருவேன். செந்தமிழ்செல்வன் என்று வீட்டில் பெயர் வைத்தார்கள். தெருவில் புரூஃப் சார் என்றால்தான் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா மலர்க்கொடியின் வீட்டு மாடியில் ஒரு அறை, நிறையப் புத்தகங்கள். கீழே சாப்பாடு. அக்காவின் கணவர் தேவநாதன்தான் இறந்து போனவர். அது உங்கள் கோப்பில் இருக்கும். நான் அவருடைய மைத்துனன் என்பதும் இருக்கும்.

மாமாவுக்கு ரயில்வே கேட்டை ஒட்டிப் பாத்திரக்கடை. கேட் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது மூடும். மூடினால் இரண்டு பக்கமும் கூட்டம் நிற்கும். நிற்கிறவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். வாழைப்பழம் வாங்குவார்கள், பூ வாங்குவார்கள், கடைக்குள் எட்டிப் பார்த்து ஒரு குக்கருக்கு விலை கேட்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அந்தத் தெரு பிழைத்தது. கேட்டை எடுத்துவிட்டு அடியில் சுரங்கப்பாதை வரப்போகிறது என்றதும் மாமா எதிர்ப்புக் குழு தொடங்கினார். அவரே தலைவர். கூட்டங்கள் கடையில் நடந்தன. எவர்சில்வர் குடங்களுக்கு நடுவே முப்பது பேர் உட்கார்ந்து பேசினால், ஒவ்வொருவர் பேச்சும் இரண்டு தடவை கேட்கும். எனக்குத் தலை வலிக்கும். ஆனால் மனு எழுத ஆள் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

ஆறு பக்கம், இருபத்திரண்டு பத்தி. நான் எழுதியவற்றிலேயே நல்லது அதுதான். கடைகள், ஆம்புலன்ஸ் திரும்பும் இடம், வளைவு, வடிகால் எல்லாம் வரிசையாக இருந்தன. பதினான்காம் பத்தியில் இப்படி எழுதியிருந்தேன்: "முதல் பெருமழையிலேயே இப்பாதையில் நீர் தேங்கி உயிரிழப்பு நேரலாம்."

மாமா அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டார்.

"என்னா மச்சான் இது, நேரலாம், கீரலாம்னு? இப்படி எழுதுனா அவுங்க இதுல பஜ்ஜி வெச்சித் துன்னுவாங்க. 'நேரும் என்பது உறுதி'ன்னு போடு."

"உறுதின்னு எப்படி மாமா சொல்றது? மழ நம்ம கையிலயா இருக்கு?"

"மனு எழுதறவன் டிவியில மழ சொல்ற ரமணன் மாதிரியா பேசுவான்? போடு மச்சான். ஜாஸ்தி யோசிக்காத."

எல்லோரும் சிரித்தார்கள். போட்டேன். என் கையெழுத்தில் நான் நம்பாத ஒரு சொல் போனது அதுதான் முதல் தடவை.

பிறகு மாமா ஒரு ஃபிளெக்ஸ் அடித்தார். நம் ஊரில் யாராவது இறந்தால் வைப்போமே, கண்ணீர் அஞ்சலி, அதேதான். சுரங்கப்பாதையில் சாகப்போகும் முதல் ஆளுக்கு முன்கூட்டியே. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை வட்டம், அதன் கீழே பெயருக்குப் புள்ளிகள். "தோற்றம், மறைவு" கூட இருந்தது. கேட் பக்கத்தில் கட்டினார்கள். மாமா அந்த வட்டத்தை பிளேடால் வெட்டி, பின்னாலிருந்து தலையை நீட்டி, போட்டோ எடுத்துக் குழுவின் வாட்ஸப்பில் போட்டார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. எங்கள் போராட்டத்தில் ஜனங்கள் நின்று பார்த்தது அந்த ஒன்றைத்தான்.

சுரங்கப்பாதையைக் கட்டிவிட்டார்கள். போன வருடம் அக்டோபரில் திறந்தார்கள். நவம்பரில் புயல் சின்னம், மூன்று நாள் மழை. மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குடையுடன் போய் மேலே கைப்பிடிச் சுவரருகே நின்றேன். தண்ணீர் இறங்கியது, தொட்டிக்குப் போனது, மோட்டார் ஓடியது, சாலை ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். டிசம்பரில் இன்னொரு மழை. அதே ஈரம்.

அதன் பிறகு தெருவில் என்னால் நடக்க முடியவில்லை என்று சொன்னால் மிகைப்படுத்துவதாகும். நடந்தேன். டீக்கடையில், "சார், உயிரிழப்பு எப்ப சார்? லீவு சொல்லணும்" என்பார்கள். முடிவெட்டும் கடையில், "புரூஃப் சாரே தப்பு வுட்டாரு" என்பார்கள். கெட்ட எண்ணம் இல்லாமல் சொல்வதுதான். நானும் சிரித்து வைப்பேன்.

மாமாதான் அதிகம். முதல் மூன்று மாதம் சபதம் எடுத்தவர் மாதிரி தண்டவாளத்தைத் தாண்டியே கடைக்குப் போனார். பிறகு முழங்கால் வலி வந்தது, ஸ்கூட்டர் வாங்கினார், சுரங்கப்பாதையில் போக ஆரம்பித்தார். கடை வியாபாரமும் விழவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் நிற்காமல் நேராகக் கடைக்கே வந்தார்கள். "நல்லாத்தான் கட்டிக்கிறான் மச்சான்" என்று சாப்பிடும்போது சொன்னார். "நீ எழுதுன மனுவப் படிச்சிட்டு மழயே பயந்துபோச்சு."

அக்கா, "சும்மா இருங்க, அவன் சாப்பிடட்டும்" என்றாள்.

"உறுதின்னு எழுதிட்டான்டி. அதான் சொல்றேன்."

அந்தச் சொல் யாருடையது என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. சாப்பிடும்போது நான் பேசுவதில்லை.

சேரன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மோட்டார் ரூம் ஒரு நல்ல இடம், மேடம். பாதைக்குப் பக்கத்தில், தண்ணீர் எட்டாத உயரத்தில், தனிப் படியோடு இருக்கிறது. மழை இல்லாத நாளில் அங்கே ஒரு சத்தமும் இருக்காது. மேலே வண்டிகள் போவது தூரத்தில் கேட்கும், அவ்வளவுதான். சேரனும் பேசாத ஆள். தினமும் மதியம் ஒரு புத்தகத்துடன் போய் உட்காருவேன். அவனாகவே எல்லாம் காட்டிக் கொடுத்தான். எது மெயின் சுவிட்ச், தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டால் மோட்டார் தானாக ஓடும், முழங்கால் அளவு வந்தால் இரும்புத் தடுப்பை இழுத்து இரண்டு வாயையும் எப்படி மூட வேண்டும். அவன் வீடு குடிகாடு கிராமத்தில். மதியம் சாப்பிடப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவான். விதிப்படி தவறு. ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படிக்கிற ஒரு வயதானவரிடம் சாவியைக் கொடுப்பதைத் தவறு என்று நம் ஊரில் யாரும் நினைப்பதில்லை.

இந்த வருடம் அக்டோபரில் சுரங்கப்பாதைக்கு ஒரு வயது. மாமா ஒரு விழா வைக்க நினைத்தார். எதிர்ப்புக் குழுவேதான் நடத்தும். சேரனுக்குப் பொன்னாடை, எல்லோருக்கும் கேசரி. பொன்னாடை என்றால் வாழ்த்துமடல் வேண்டுமல்லவா? என்னிடம் வந்தார்.

"மச்சான், 'எம்மழையிலும் நீர் தேங்காத'ன்னு ஆரம்பிச்சி ஒரு பக்கம் எழுதிக் குடு. நீயே மேடையில படிக்கணும். மனு எழுதுன கையாலயே வாழ்த்தும் வந்தாதான் எடுப்பா இருக்கும்."

எழுதினேன். நன்றாகவே வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். மேடையில் படித்தேன். ஜனங்கள் ஒவ்வொரு வரிக்கும் கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிரவு படிக்க எடுத்த புத்தகத்தில் ஒரு பக்கம் கூட நகரவில்லை. வேறொன்றும் இல்லை. ஒரே கையெழுத்தில், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு தாள்கள் ஊரில் இருக்கின்றன, அவற்றில் ஒன்று பொய் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. முப்பத்தொரு வருடம் என் மேஜையைத் தாண்டி அப்படி ஒன்று போனதில்லை.

அந்த நாள் உங்களுக்குத் தெரியும். காற்றழுத்தத் தாழ்வு, பள்ளிகளுக்கு விடுமுறை. காலையிலிருந்து விடாத மழை. நான் போகும்போது மதியம் ஒன்றரை. சேரன் இரண்டு நாளாக வீட்டுக்குப் போகவில்லை. அவன் மகளுக்குக் காய்ச்சல்.

"போய்ப் பாத்துட்டு வா சேரன். நான் இருக்கேன்" என்றேன்.

"மழ ஜாஸ்தியா இருக்கே சார்."

"மோட்டார் தானா ஓடுது. நான் பாத்துக்க மாட்டனா?"

"ஒரு மணி நேரத்துல ஓடியாந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு எந்தக் கவனக்குறைவும் இல்லை. இது முதல் திருத்தம்.

அவன் வண்டி மறைந்ததும் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். மோட்டார் நின்றதும் வந்த அமைதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மேலே போய், சென்ற வருடம் நின்ற இடத்திலேயே நின்றேன். தடுப்பை இழுத்து வைக்கவில்லை. சாலையில் ஆளே இல்லை. யாராவது வருவார்கள் என்று நான் எதிர்பார்த்தேனா என்று கேட்பீர்கள். பத்தியில் நீர் தேங்குவதும் இருக்கிறது, உயிரிழப்பும் இருக்கிறது. பாதி வாக்கியத்தை மட்டும் சரி பார்ப்பது என் வழக்கமில்லை.

முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் ஆள் உயரம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பாதை நடுவில் வளைகிறது. வாயிலில் நின்றால் தண்ணீர் தெரியாது. எட்டாம் பத்தியில் அதையும் எழுதியிருந்தேன்.

மாமா சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்தார். மழைக்கோட்டு போட்டிருந்தார். வாயிலில் வண்டியை நிறுத்தி, மேலே நின்ற என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"என்னா மச்சான், உள்ள தண்ணி நிக்குதா?"

கேட்டவுடனே பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் இங்கயே நின்னு பாத்துகினு இருக்கியா? நீ திருந்தவே மாட்ட மச்சான்" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். தண்ணீர் இருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நாற்பது வருடப் பழக்கம். சரிவில் பிரேக் பிடிக்காமல் இறங்கிப் போனார்.

சத்தம் வந்தது. முதலில் வண்டி. பிறகு என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார். மச்சான் என்று இல்லை, பெயரைச் சொல்லி. அவர் பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டது அன்றுதான். பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

இன்னும் ஒரு பத்து நிமிடம் நின்றுவிட்டு, கீழே போய் சுவிட்சைப் போட்டேன். நாற்பது நிமிடத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. நேர்மையாகச் சொல்ல வேண்டும், நல்ல மோட்டார். சேரன் வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது, நான் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தேன். அவனே இறங்கிப் போய்ப் பார்த்தான். ஏதோ மின்தடை ஏற்பட்டு எனக்குத் தெரியாமல் மோட்டார் நின்றிருக்கும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். "நீங்க வூட்டுக்குப் போங்க சார். நீங்க இங்க இருந்ததே யாருக்கும் தெரிய வாணாம். உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றான். போலீஸிடம் என் பெயரைச் சொல்லவே இல்லை. அவன் மனைவி அதற்கப்புறம் இரண்டு தடவை வந்து அக்காவின் காலில் விழுந்தாள். அக்கா அவளைத் தூக்கி உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். நான் மாடியில் இருந்தேன். கீழே பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும்.

சேரன் உள்ளே இருப்பது மட்டும் என்றால் இன்னும் சில நாள் யோசித்திருப்பேன் என்று நினைக்கிறேன். நேற்று அந்த இரண்டாவது பாதியைப் படித்த பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. கட்டுமானத்தில் குறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அறுபத்து மூன்று வயதான ஒருவன், ஒரு விரலால், ஒரு சுவிட்சால் ஒரு மனிதனை மூழ்கடிக்க முடிகிற இடத்தைக் குறை இல்லாதது என்று எப்படிச் சொல்வது? மனுவின் நகல் கொண்டுவந்திருக்கிறேன். அறிக்கையுடன் இணைத்துவிடுங்கள். பத்தி எண்களை மாற்ற வேண்டாம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னால் போட்டுவிடுகிறேன். அக்கா வெளியே பெஞ்சில் இருக்கிறாள். சேரன் நல்லவன் என்று சாட்சி சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தானும் சொல்கிறேன் என்று கூடவே வந்தாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மேடம். எனக்குப் பேச வராது. சொல்லும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: மாமாவின் மேல் எனக்குக் கோபம் என்று எதுவுமே கிடையாது.