கொலராடோவும் பாலேந்திரா மாஸ்டரும்

(லண்டன் லூயிஷாமில், தமிழர் கல்விக் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், 1993 மார்ச்சில் கிறிஸ்துநாயகம் ஆற்றிய உரை)

இந்த அவையைத் தன் பொறுமையால் ஆண்டுகொண்டிருக்கும் தலைவர், பெருமதிப்பிற்குரிய அருட்பிரகாசம் ஐயா அவர்களே! மேடையை அணிசெய்யும் நிர்வாகக் குழுவின் நண்பர்களே! குளிரையும் பொருட்படுத்தாமல், வராத பஸ்ஸையும் பொருட்படுத்தாமல், எட்மண்டனிலிருந்தும் ஸ்ட்ரெதத்திலிருந்தும் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைத் தமிழ் படிக்க உள்ளே அனுப்பிவிட்டு, அவர்கள் ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பதைக் கேட்டபடி சனிக்கிழமைதோறும் வாசலில் நடுங்கி நிற்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மாரைக் காரில் இறக்கிவிட்டு, காரிலேயே உறங்கிப்போகும் தந்தையர்களே! சிரிக்கிறீர்கள், உறங்காமல் வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, அமெரிக்காவில் மதமும் அரசியலும். அமெரிக்கா தூரத்தில் இருக்கிறது, அதைப் பற்றி இவன் என்ன பேசினாலும் இங்கே எவருக்கும் நோகாது என்று நம்பித்தான் தலைவர் இதைத் தந்தார். ஐயா, உங்கள் நம்பிக்கையை நான் கெடுக்கப்போகிறேன். என் பேச்சுக்குப் பிறகு தேநீர். தேநீருக்குப் பிறகு ஒரு தீர்மானம். அது நிறைவேறினால், வருகிற சனிக்கிழமை முதல் பாலேந்திரா மாஸ்டர் நம் பள்ளியில் கணக்குப் படிப்பிக்க மாட்டார். காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த மேடையிலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை, மன்னியுங்கள்.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு சொல். லூயிஷாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஆலோசனை நிலையத்தில் அகதி வழக்கும் வீட்டு வழக்கும் பார்க்கிறவன் நான். பெயர் கிறிஸ்துநாயகம். பெயரில் கிறிஸ்து இருக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேவாலயத்தில் காணமாட்டீர்கள். கோவிலுக்கும் போவதில்லை. கோவிலில் பொங்கிய புக்கை வந்தால் வேண்டாம் என்று சொல்வதும் இல்லை! கடவுள் உண்டா இல்லையா என்று உங்களோடு வழக்காட நான் வரவில்லை. அந்தக் கடவுளின் பெயரால் மனிதனை வேலையிலிருந்து நீக்கலாமா என்று கேட்கத்தான் வந்தேன்.

சென்ற ஐப்பசியில் கொலராடோ போயிருந்தேன். என் தங்கை அங்கே இருக்கிறாள். அவள் கணவன் குகநேசன் பொறியியலாளன், சைவக் குடும்பம், நல்ல பிள்ளை. அமெரிக்கக் குடியுரிமை எடுத்து முதன்முதலாக வாக்களிக்கப் போகிறான். என்ன வாக்கு? அந்த மாநிலத்தின் சில நகரங்களில் ஒரு சட்டம் இருந்தது. ஓர் ஆண் இன்னோர் ஆணை நேசிக்கிறான், ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிக்கிறாள் என்பதற்காக அவர்களை வேலையிலிருந்து தள்ளாதே, வீட்டிலிருந்து துரத்தாதே என்று சொல்லும் சட்டம். இத்தகையவர்களைக் குறிக்கத் தமிழில் நம் வாயில் வசைச்சொல் ஆயிரம் வருகிறது. மரியாதையான சொல் ஒன்று வரமாட்டேன் என்கிறது. அந்தப் பாதுகாப்புச் சட்டம் மாநிலத்தில் எங்குமே இருக்கக்கூடாது, இனி எவரும் இயற்றவும் கூடாது என்று மாநில அரசியலமைப்பையே திருத்தப் பொதுமக்களிடம் வாக்குக் கேட்டார்கள்.

கேட்டவர்கள் யார்? கொம்பு முளைத்தவர்களா? இல்லை. என் தங்கையின் பக்கத்து வீட்டு அம்மையார். கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர். என் தங்கை பிள்ளை பெற்று வந்தபோது சூப் கொண்டுவந்து கொடுத்தவர். பனி விழுந்தால் தன் மகனை அனுப்பி இவர்களின் வாசலையும் சேர்த்துத் துப்புரவாக்குகிறவர். அன்றும் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை என்ற பலகாரத்தோடு வந்தார். பைத் தட்டுக்கு அடியில் ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தது. "எங்களுக்கு எவர் மீதும் வெறுப்பில்லை, அவர்களுக்காக மன்றாடுகிறோம்" என்றார். மன்றாடுங்கள் அம்மா, மன்றாட எவரிடமும் வாக்குக் கேட்கத் தேவையில்லையே!

நான் குகநேசனைக் கேட்டேன், என்ன செய்யப்போகிறாய் என்று. அவன் சொன்னான்: "மச்சான், அவையள் நல்ல சனம். எங்களைத் தங்கட ஆக்கள் மாதிரி வைச்சிருக்கினம். பையையும் வாங்கித் திண்டுபோட்டு மாட்டன் எண்டு சொல்ல ஏலுமோ?" வாக்களித்தான். பாதிக்கு மேற்பட்டோர் அவனைப் போலவே வாக்களித்தார்கள். அந்தத் திருத்தம் நிறைவேறியது. நீதிமன்றம் இப்போதைக்கு அதைத் தடுத்து வைத்திருக்கிறது; நாளை என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது.

அதோடு முடிந்ததா? மார்கழியில் குகநேசன் தொலைபேசி எடுத்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "மச்சான், அந்த மனுசி திரும்ப வந்தவ. எங்கட சாமி அறையைப் பாத்துப்போட்டு, இதை எப்ப எடுக்கப் போறியள், பிள்ளையளின்ர ஆத்துமாவை நினைக்க எனக்கு நித்திரை இல்லை எண்டவ." நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டு கேட்டன்" என்றான்.

சிரியுங்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அன்று முழுவதும் அமைதியில்லாமல் திரிந்தேன். மதம் மனத்தில் இருக்கட்டும், மாடத்தில் இருக்கட்டும், மணியோசையில் இருக்கட்டும், எனக்கு வழக்கில்லை. அது வாக்குப்பெட்டிக்குள் கையை விட்டால்? இன்று ஒருவனின் படுக்கையறையைப் பார்க்கும் கண், நாளை உன் சாமி அறையைப் பார்க்காது என்று யார் உனக்கு உறுதி தந்தது?

என் மக்களே, இதை எவருக்கு விளங்கப்படுத்த வேண்டும்? நமக்குமா? ஐம்பத்தாறில் இலங்கையில், சிங்களம் மட்டும் என்று நம் மொழியை எப்படிப் பறித்தார்கள்? துப்பாக்கியாலா? பாராளுமன்றத்தில் கை உயர்த்தினார்கள்! எழுபத்திரண்டில் ஒரு மதத்துக்கு முதலிடம் என்று அரசியலமைப்பில் எப்படி எழுதினார்கள்? கை உயர்த்தினார்கள்! எண்ணிக்கையில் அவர்கள் கூடுதல், நாம் குறைவு. கை உயர்ந்தது, நம் வாழ்வு தாழ்ந்தது! அந்தக் கைகளுக்குப் பயந்துதானே பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தக் குளிருக்குள் வந்து விழுந்தோம்?

தட்டுகிறீர்கள். நன்றாகத் தட்டுகிறீர்கள். கொஞ்சம் மிச்சம் வையுங்கள், அடுத்த இடத்தில் தட்டமாட்டீர்கள் என்று பயப்படுகிறேன்.

பாலேந்திரா மாஸ்டர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். அவரைப் பற்றிப் பேசலாமா என்று காலையில் அவரிடம் கேட்டேன். "சொல்லுங்கோ அண்ணை" என்றார். "எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். பிழையாத் தெரியும். சரியாத் தெரியட்டும்." ஆகவே சரியாகச் சொல்கிறேன்.

நம் கழகத்தில் ஒரு தந்தை, பெயர் வேண்டாம், தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடினார். நமது கண் எங்கே போகும்? ஒழுங்கான வேலை, சொந்த வீடு, சிகரெட் இல்லை, குடி இல்லை, பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சாதகம் பார்த்தார்கள், அபாரப் பொருத்தம்! மாஸ்டரை வீட்டுக்கு அழைத்தார்கள். பலகாரம் வைத்தார்கள். அந்தத் தட்டில் கை வைக்காமல் மாஸ்டர் சொன்னார்: "அண்ணை, சாதகம் பொருந்தும். நான் பொருந்தமாட்டன். நான் ஒரு ஆளோட சீவிக்கிறன். அவர் ஆம்பிளை. உங்கட பிள்ளையின்ர வாழ்க்கையைப் பாழாக்க எனக்கு மனமில்லை."

என்ன யோகராஜா அண்ணை, ஏன் எழும்புகிறீர்கள்? "அது நான்தான் எண்டு சொல்லும்" என்கிறீர்களா? நான் சொல்லவில்லை, நீங்களே சொன்னீர்கள். தீர்மானத்தைக் கொண்டுவந்திருப்பவரும் நீங்கள்தான்; சபை அறியட்டும் என்று எழுந்து நின்றீர்கள். அந்த நேர்மைக்கு என் வணக்கம். இருங்கள், அண்ணை. நான் உங்களை ஏச வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மாஸ்டர் பொய் சொல்லியிருந்தால்? தலையாட்டிவிட்டுத் தாலி கட்டியிருந்தால்? இன்று இதே மேடையில் மருமகனாக உங்கள் பக்கத்தில் இருந்திருப்பார். பொன்னாடை போர்த்தியிருப்போம். படம் எடுத்திருப்போம். உங்கள் மகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பாள். ஏன் என்று அவளுக்கே தெரிந்திராது. அப்படி அழும் பெண்கள் நம் வீடுகளில் இல்லையா? அந்தப் பொய்களுக்கெல்லாம் மண்டபம் பிடித்து, மேளம் அடித்து, பந்தியில் இருந்து சாப்பிட்டவர்கள் நாமில்லையா? உண்மை சொன்ன ஒருவருக்குத்தானா நம் தண்டனை?

யோகராஜா அண்ணைக்கு மாஸ்டரில் வெறுப்பு என்று நான் நினைக்கவில்லை. போன வாரம் என் அலுவலகத்துக்கு வந்து இதைத்தான் சொன்னார்: "தம்பி, சட்டம் இருக்குதாம், இருபத்தெட்டாம் பிரிவு எண்டு. கவுன்சில் அறிஞ்சால் பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்குத் தராது. எங்கட பிள்ளையள் எங்க போறது?" அந்தப் பயம் பொய்யில்லை. நம் அகதி மனுவைத் தீர்மானிக்கும் ஹோம் ஆபீஸின் உறை ஒன்று கதவிடுக்கால் விழுந்தால் நம் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த உறைகளைப் பிரிப்பதுதான் என் தொழில்.

ஓம், சட்டம் இருக்கிறது. எண்பத்தெட்டில் வந்தது. கெட்ட சட்டம். கவுன்சில்கள் இத்தகைய உறவை ஊக்குவிக்கக்கூடாது என்கிறது. ஓர் ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கு என்று அதில் ஒரு வரி இல்லை. நம் கழகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாம் கவுன்சிலா? சனிக்கிழமை காலையில் வாடகைக்கு வருகிறவர்கள்! மண்டபம் வாடகைக்கு விடும் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. இரண்டாம் தரம் விளக்கியதும் சொன்னார்: "போகும்போது கதிரைகளை அடுக்கிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு அது போதும்."

கேட்டீர்களா? எவரும் நம்மிடம் இதைக் கேட்கவில்லை. எவரும் நம்மை மிரட்டவில்லை. இந்த நாட்டின் கெட்ட சட்டம் கேட்டதைக் காட்டிலும் கூடுதலாக நாமே குனிந்து கொடுக்கிறோம். இது அகதிக்கு மட்டுமே வருகிற தவறு. அடி விழும் முன்பே முதுகைக் காட்டுகிறோம். அதுவும் நம் முதுகை அல்ல, மாஸ்டரின் முதுகை!

என்ன அம்மா? பின்னால் நிற்கிற அம்மா, உரத்துச் சொல்லுங்கள். "பிள்ளையள் படிக்கிற இடமல்லோ?" ஓம் அம்மா, பிள்ளைகள் படிக்கிற இடம்தான். உங்கள் பிள்ளை அவரிடம் என்ன படித்தான்? "அல்ஜீப்ரா" என்கிறீர்கள். பாஸ் பண்ணினானா? "ஏ எடுத்தவன்." அம்மா, அல்ஜீப்ரா படிப்பித்தவர் அல்ஜீப்ராவைத்தான் படிப்பித்தார். இன்றைக்கு அவரை வெளியே அனுப்பினால், நாம் படிப்பிக்கப்போவது வேறொரு பாடம். உண்மை சொன்னால் உன்னை உன் சனமே கைவிடும் என்ற பாடம். இங்கே வகுப்பில் இருக்கும் ஏதோவொரு பிள்ளை அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். எந்தத் தாயின் பிள்ளை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையை நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா.

தலைவர் மணி அடிக்கிறார். கேட்கிறது ஐயா. தேநீருக்கு வைத்த ரோல்ஸ் பலகாரம் ஆறுகிறது, அதுவும் தெரிகிறது. முடித்துவிடுகிறேன்.

மாஸ்டருக்கு ஆதரவாகக் கை உயர்த்துங்கள் என்று நான் கேட்பேன் என்றுதானே எதிர்பார்த்தீர்கள்? கேட்கமாட்டேன்! எதிராகக் கை உயர்த்தினால் அது கொடுமை. ஆதரவாகக் கை உயர்த்தினாலோ, ஒரு மனிதன் எவரோடு வாழலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் இந்த மண்டபத்துக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கொலராடோவுக்கு அந்த அதிகாரம் இல்லை. கொழும்புக்கு அந்த அதிகாரம் இருக்கவில்லை. லூயிஷாமில் நமக்கும் இல்லை! ஆகவே தலைவர் வாக்குக் கேட்கும்போது கைகளை மடியில் வையுங்கள். ஆதரவு என்றாலும் மடியில். எதிர்ப்பு என்றாலும் மடியில். கை உயர்த்தத் தெரிந்தவர்களால் துரத்தப்பட்டவர்கள் நாம். கை உயர்த்த மறுக்கவும் தெரிந்தவர்கள் என்று இன்றைக்குக் காட்டுவோம். யோகராஜா அண்ணை, தீர்மானத்தை எழுதிய உங்கள் கையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுமையிழந்து கேட்டவர்களுக்கும், இடையில் எழுந்து போகாமல் கோபத்தோடு இருந்தவர்களுக்கும் நன்றி. நான் மேடையில் உட்காரப்போவதில்லை, ஐயா. பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஒன்றைப் பார்த்தபடியேதான் பேசினேன். இடமில்லாமல் சுவரோரம் இத்தனை பேர் நிற்கிறீர்கள். ஆனால் மூன்றாம் வரிசையில் மாஸ்டருக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரை, அந்தப் பக்கம் ஒரு கதிரை, இரண்டும் வெறுமையாகக் கிடக்கின்றன. ஒன்றில் நான் போய் இருக்கிறேன்.

மற்றக் கதிரை இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. வணக்கம்.