வல்லூறின் பிடி, பைரியின் கடி

டீ நன்றாக இருக்கிறது சார். நீங்கள் அதட்டவே வேண்டாம், நானே எல்லாம் சொல்லிவிடுகிறேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினால்கூட மனைவியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நிற்கிற வீரன்.

தானியக் கிடங்கில் புறா விரட்டுவது எங்கள் வேலை. என்னிடம் வல்லூறு, தங்கை கணவரிடம் பைரி. இரண்டும் வேட்டைப் பறவைதான், குணம் வேறு. வல்லூறு குட்டை இறக்கையோடு மூட்டை இடுக்கிலெல்லாம் புகுந்து, இரையை நகத்தால் கவ்வி, அது அடங்கும்வரை விடாமல் நெரிக்கும். பைரி உயரத்திலிருந்து கல்லாக விழும். கழுத்தில் ஒரே கடி, முடிந்தது. பார்க்க அழகு பைரிதான்.

ஒரு பறவையும் ஓர் ஆளும் போதும், புதன்கிழமை இரண்டையும் பறக்கவிட்டு முடிவெடுப்போம் என்றார் மேலாளர். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

"கவலப்படாதீங்க மச்சான், நான் ஜெயிச்சா உங்க வல்லூறுக்கும் சேத்துத் தீனி போடறேன்" என்றார் மாப்பிள்ளை.

"எனக்கு?"

"உங்களுக்குப் போட்டுக் கட்டுப்படியாகாது."

இரண்டு பேரும் சிரித்தோம்.

வேட்டைப் பறவையைப் பசியோடுதான் பறக்கவிட வேண்டும். வயிறு நிறைந்தால் கைக்குத் திரும்பாது. புதன் காலை, பசி சரியாக இருக்கிறதா என்று பைரியை எடைபோட்டுவிட்டு அவர் கையுறை எடுக்கப் போனபோது, நான் அதற்கு ஒரு முழுக் காடை கொடுத்தேன். பாவம், ஆசையாகத் தின்றது.

பறக்கவிட்டதும் பைரி கிடங்குக் கூரையில் போய் உட்கார்ந்து இறகு கோதியது. மேலாளர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அறைக்குப் போய்விட்டார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும் சார். மாப்பிள்ளைதான் விடாமல் கூரையேறினார். விழுந்துவிடுவாரோ என்று பயந்து நானும் பின்னாலேயே ஏறினேன். அவர் காலடியில் பழைய தகடு உடைந்து, உத்தரத்தைப் பிடித்துத் தொங்கினார்.

"மச்சான், கை குடுங்க."

குப்புறப் படுத்துக் கொடுத்தேன். பறவை உட்காரத் தோல் கையுறை போட்டிருந்த கை. உத்தரத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டார். அப்போதுதான் என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த காடை இறகைப் பார்த்தார்.

"நீங்களா தீனி போட்டீங்க?"

எனக்குக் குப்பென்று வியர்த்தது. மேலாளரிடம் சொல்வார். தங்கையிடம் சொல்வார். மறு கையால் கையுறைப் பட்டையை அவிழ்த்தேன். கையுறை அவரோடு போயிற்று. கீழே சிமெண்டுத் தரை. ஒரே ஒரு சத்தம்.

வல்லூறாக இருந்தால் நெடுநேரம் துடிக்க வைத்திருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை என்று தங்கையிடம் சொல்லுங்கள் சார். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.